பிபிசி ரேடியோ 4-இல் ஒரு முழு நாள்: நாடகம், விவாதம், கலை மூன்றையும் நம்மூர் நேரத்தில் கேட்பது எப்படி?

காலையிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை பாட்டே போடாத ஒரு வானொலி என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். பிபிசி ரேடியோ 4 அப்படித்தான் ஓடுகிறது. செய்தி, பேட்டி, நாடகம், புத்தக வாசிப்பு, அறிவியல், நகைச்சுவை, வாதம், விவசாயம், தோட்டம், கடல் வானிலை, எல்லாமே பேச்சுதான். நடுவில் விளம்பரம் கிடையாது, ஏனென்றால் பிரிட்டனில் டிவி வைத்திருக்கும் வீடுகள் கட்டுகிற உரிமக் கட்டணத்தில்தான் இது நடக்கிறது. இந்தப் பெயரில் தொடங்கியது 1967 செப்டம்பர் 30 அன்று. அதற்கு முன் ஹோம் சர்வீஸ் என்று இருந்தது, பல நிகழ்ச்சிகள் அந்தக் காலத்திலிருந்தே வருகின்றன.

கேட்கத் தொடங்குகிற பலர் ஒரு வாரத்தில் விட்டுவிடுவதற்குக் காரணம், இங்கிலீஷ் புரியாமல் போவது இல்லை. வேலை செய்துகொண்டே பின்னால் ஓடட்டும் என்று வைத்துவிடுகிறார்கள். பாட்டை அப்படி வைக்கலாம். நாடகத்தை அப்படி வைத்தால் பத்தாவது நிமிடம் யார் யாருக்கு மாமனார் என்றே தெரியாது, அப்புறம் எரிச்சல்தான் மிஞ்சும். அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு நாளில் மூன்றே மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விவாதம், ஒரு நாடகம், ஒரு கலை நிகழ்ச்சி. அந்த மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். மற்றவை வழியில் காதில் விழுந்தால் லாபம், விழாவிட்டால் நஷ்டமில்லை.

படி 1: எதில் கேட்பது

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு பிபிசி சவுண்ட்ஸ் செயலி இருக்கிறது, நேரலையும் கேட்கலாம், விட்டுப்போனதைப் பிறகும் கேட்கலாம். நம்மூரில் இருப்பவர்களுக்கு 2025 ஜூலையோடு அந்தச் செயலி மூடப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகள் அதைத்தான் தரவிறக்கச் சொல்லும், கேட்காதீர்கள். இப்போது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு பிபிசி டாட் காம் தளத்திலும் பிபிசியின் பொதுச் செயலியிலும் ஆடியோ பகுதி இருக்கிறது, அதில் ரேடியோ 4 நேரலையாக வரும். பாட்காஸ்டாக வெளியாகும் நிகழ்ச்சிகளை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்துகிற எந்தப் பாட்காஸ்ட் செயலியிலும் தேடி எடுக்கலாம். ஆனால் எல்லா நிகழ்ச்சியும் பாட்காஸ்ட் ஆவதில்லை. குறிப்பாகத் தனி நாடகங்கள் பல நேரலையில் வந்து போய்விடும். அதனால்தான் நேரம் பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது.

டேட்டா பற்றிக் கவலை வேண்டாம். நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் கேட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 60 எம்பிகூட ஆகாது. காதுக்கு நல்ல ஹெட்போன் மட்டும் போடுங்கள். போனின் ஸ்பீக்கரில் நாடகம் கேட்பது வீண், பாதிச் சத்தங்கள் வெளியே வரவே வராது.

படி 2: கடிகாரத்தைச் சரிசெய்தல்

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பிரிட்டன் வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்ப இழுப்பார்கள். நமக்கு அதன் விளைவு: அவர்களுடைய கோடையில் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. லண்டனில் மதியம் இரண்டேகாலுக்கு வருகிற நாடகம் ஜூலையில் நமக்கு மாலை 6.45, ஜனவரியில் இரவு 7.45. கீழே எல்லா இடத்திலும் லண்டன் நேரத்தைச் சொல்லி, நம் நேரத்தைக் கோடை, குளிர் என்ற வரிசையில் தருகிறேன். அலாரம் வைப்பவர்கள் போனின் உலகக் கடிகாரத்தில் லண்டனைச் சேர்த்துவிடுவது நல்லது, கணக்குப் போடுகிற வேலையே இல்லை.

நேர அட்டவணை அவ்வப்போது மாறும், 2024-இல்கூடச் சில நிகழ்ச்சிகளை இடம் மாற்றினார்கள். ஆகவே காலையில் காபி குடிக்கும்போது அன்றைய அட்டவணையை ஒருமுறை திறந்து பார்த்து மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு வரிக் குறிப்பு இருக்கும். அதை வாசிப்பதற்கே ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

படி 3: காலைச் செய்தியை அளவோடு

வார நாட்களில் காலை 6 முதல் 9 வரை டுடே என்ற நிகழ்ச்சி. 1957-இல் தொடங்கியது. நமக்கு 10.30 அல்லது 11.30-க்கு ஆரம்பிக்கும். மூன்று மணி நேரமும் கேட்கத் தேவையில்லை, பிரிட்டிஷ் உள்ளூர் அரசியல்தான் அதிகம். கேட்பதாக இருந்தால் 8.10 வாக்கில் வருகிற பேட்டியைக் கேளுங்கள். அன்றைய முக்கியமான அரசியல்வாதியையோ அதிகாரியையோ பிடித்து உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற இடம் அது. நம்மூர் டிவி விவாதங்களில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லி, பதில் சொல்லாமல் நழுவினால் அதே கேள்வி திரும்பத் திரும்ப வருவதைக் கேட்பதே ஒரு ருசி.

மணி அடிக்கிற நேரத்தில் ஆறு பீப் சத்தம் வரும். ஐந்து குட்டை, கடைசி ஒன்று நீளம். அந்த நீளமான பீப் தொடங்குகிற கணம்தான் சரியான மணி. 1924 பிப்ரவரி 5-இலிருந்து இது ஒலிக்கிறது. ஒரு எச்சரிக்கை: இணையத்தில் கேட்கும்போது இது சில பல நொடிகள் தாமதமாக வரும், அதை வைத்து வாட்ச்சைச் சரிசெய்யாதீர்கள்.

படி 4: விவாதம், ஒன்பது மணி இடம்

டுடே முடிந்ததும் 9 மணிக்கு (நமக்கு மதியம் 1.30 அல்லது 2.30) வருகிற இடம் நாளுக்கு நாள் மாறும். திங்கட்கிழமை ஸ்டார்ட் தி வீக், புதிதாகப் புத்தகம் எழுதியவர்களையும் ஆய்வாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசுவது. வியாழக்கிழமை இன் அவர் டைம். புதிதாக வருகிறவர்கள் இதில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் கட்சி.

இன் அவர் டைம் 1998 அக்டோபரில் தொடங்கியது. மெல்வின் பிராக் 2025 வரை நடத்தினார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் ஆகிவிட்டன. அமைப்பு எளிமையானது: ஒரு தலைப்பு, அதில் வேலை செய்கிற மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். இசை கிடையாது, நடுவில் வேறு துணுக்கு கிடையாது, நகைச்சுவைக்கென்று யாரும் கிடையாது. தலைப்பு ஒரு வாரம் கருந்துளை, அடுத்த வாரம் ஒரு கிரேக்க நாடகம், அதற்கடுத்து ஏதோ ஒரு வேதிப்பொருள். யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றுகிற வடிவம், ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடுகிறது.

கேட்கிற முறைக்கு வருவோம். முதல் தடவை உங்களுக்கு ஏற்கனவே நன்றாகத் தெரிந்த தலைப்பை எடுங்கள். அசோகர், பகவத் கீதை, தாகூர் ஆகிய தலைப்புகளில் பழைய நிகழ்ச்சிகள் இருக்கின்றன. விஷயம் தெரிந்திருந்தால் உச்சரிப்பைப் பிடிப்பதில் மட்டும் காது வேலை செய்யும். விஷயமும் புதுசு, உச்சரிப்பும் புதுசு என்றால் இரண்டும் சேர்ந்து களைத்துவிடும். மூன்று குரல்களையும் முதல் பத்து நிமிடத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தாளில் பெயரை எழுதிவைத்தாலும் தப்பில்லை. அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் பின்னணிதான், யார், எப்போது, எங்கே என்று. சூடு பிடிப்பது பாதிக்கு மேல், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மரியாதையாக மறுக்கத் தொடங்கும்போது. பிரிட்டிஷ் பேராசிரியர் ஒருவர் "அதை நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்ப்பேன்" என்று சொன்னால் அது முழு மறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாட்காஸ்டில் கேட்டால் ஒலிபரப்பு முடிந்த பிறகு அவர்கள் பேசிக்கொள்கிற சில நிமிடங்களும் கிடைக்கும், விட்டுப்போன விஷயங்கள் அதில்தான் வரும்.

காரசாரம் வேண்டும் என்பவர்களுக்கு மாரல் மேஸ் இருக்கிறது, 1990-இலிருந்து வருகிறது. ஏதாவது ஒரு நடப்பு விஷயத்தின் நியாய அநியாயத்தைப் பற்றி நான்கு பேர் குழு, சாட்சிகளை ஒருவர் பின் ஒருவராக வரவழைத்துக் குறுக்கு விசாரணை செய்யும். அது இரவு நிகழ்ச்சி, நம் நேரத்துக்குப் பாதி ராத்திரி. பதிவாகக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வருகிற எனி கொஸ்டின்ஸ் 1948-இலிருந்து ஊர் ஊராகப் போய் நடத்தப்படுகிறது, உள்ளூர் மக்கள் அரங்கில் உட்கார்ந்து அரசியல்வாதிகளிடம் கேள்வி கேட்பார்கள். பிரிட்டனின் சின்ன ஊர்களில் உள்ளவர்கள் எதற்குக் கை தட்டுகிறார்கள், எதற்கு முணுமுணுக்கிறார்கள் என்று கேட்பதற்காகவே அதை வைக்கலாம்.

10 மணிக்கு வுமன்ஸ் அவர். 1946-இல் தொடங்கியபோது அதை நடத்தியவர் ஒரு ஆண், ஆலன் ஐவிமி. இப்போது அப்படி யாரும் யோசித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். உடல்நலம், சட்டம், வேலை, கலை எல்லாம் கலந்து வரும். மதிய ஒரு மணிக்கு வேர்ல்ட் அட் ஒன் செய்தி, அதைத் தாண்டிவிடலாம்.

படி 5: மதிய நாடகம், அவசரப்படக் கூடாத இடம்

பெரும்பாலான வார நாட்களில் மதியம் 2.15-க்கு 45 நிமிட நாடகம் வரும். நமக்கு 6.45 அல்லது 7.45. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம், இதைவிட வசதி கிடையாது. இந்த ஒன்றை மட்டும் நேரலையில் கேளுங்கள் என்று வற்புறுத்துவேன்.

வானொலி நாடகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அதன் தொடக்கத்துக்குப் போக வேண்டும். மேடைக்காக எழுதியதை எடுத்து மைக்கின் முன்னால் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், 1924 ஜனவரி 15 அன்று, வானொலிக்கென்றே எழுதிய ஒரு நாடகத்தை பிபிசி ஒலிபரப்பியது. கதை நடக்கும் இடம் வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். தொடக்கத்திலேயே விளக்கு அணைந்துவிடும். அதன் பிறகு பாத்திரங்களுக்கும் ஒன்றும் தெரியாது, கேட்பவருக்கும் ஒன்றும் தெரியாது, இருவரும் ஒரே இருட்டில். நூறு வருடம் ஆகியும் அந்த யுக்தியைத் தாண்டி எவரும் பெரிதாகப் போய்விடவில்லை. நல்ல வானொலி நாடகம் இன்றும் உங்களைப் பாத்திரத்தின் பக்கத்தில் கண்ணைக் கட்டித்தான் உட்காரவைக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது: அறை விளக்கை அணையுங்கள் அல்லது கண்ணை மூடுங்கள். போனின் திரையைக் கவிழ்த்து வையுங்கள். முதல் மூன்று நிமிடத்தில் ஒன்றும் புரியாவிட்டால் பதற வேண்டாம், பேச்சைத் துரத்தாமல் இடத்தைப் பிடியுங்கள். எதிரொலி இருக்கிறதா, இல்லையா? எதிரொலியே இல்லாமல் குரல் தட்டையாகக் கேட்டால் அது பெரும்பாலும் வெளிப்புறக் காட்சி, அதற்கென்றே சத்தத்தை விழுங்குகிற தனி அறை ஸ்டுடியோவில் இருக்கும். காலடி மரத்தில் படுகிறதா, கல்லிலா, கம்பளத்திலா? ஸ்டுடியோவில் ஒரே படிக்கட்டைப் பக்கவாட்டில் பிரித்து வெவ்வேறு பரப்பு போட்டிருப்பார்கள், பணக்கார வீடா, தொழிற்சாலையா என்பதை அந்தக் காலடியே சொல்லிவிடும். யாருடைய குரல் மைக்குக்கு மிக அருகில் இருக்கிறதோ, அவருடைய மனதுக்குள்தான் நீங்கள் இருக்கிறீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிக் கேட்பார்கள். இந்த மூன்றைக் கவனித்தாலே கதை தானாக வந்து சேரும்.

இடம் மாறுவதைக் கண்டுபிடிப்பது அடுத்த பாடம். சினிமாவில் படம் வெட்டி மாறும், இங்கே சூழல் சத்தம் மாறும். கடல் அலை நின்று கெட்டில் கொதித்தால் கடற்கரையிலிருந்து சமையலறைக்கு வந்துவிட்டீர்கள். சில நேரம் இடையில் இரண்டு நொடி அமைதி மட்டும் இருக்கும், அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று நினைத்து ரிஃப்ரெஷ் அழுத்திவிடாதீர்கள்.

வட்டார உச்சரிப்பு வரும்போது திணறுவீர்கள், குறிப்பாக கிளாஸ்கோவும் பெல்ஃபாஸ்டும். எல்லாச் சொல்லையும் பிடிக்க வேண்டியதில்லை. நெல்லைத் தமிழைச் சென்னைக்காரர் கேட்பது போலத்தான், முதல் ஐந்து நிமிடம் அந்நியம், அப்புறம் காது தானே வழி கண்டுபிடித்துவிடும்.

வார இறுதி மதியங்களில் ஒரு மணி நேரம் வரை போகிற நீளமான நாடகங்களும், பெரிய நாவல்களை நாடகமாக்கிய தொடர்களும் வரும். பழகிய பிறகு அங்கே போங்கள், முதல் நாளே வேண்டாம்.

படி 6: தி ஆர்ச்சர்ஸ், வேண்டுமா வேண்டாமா

நாடகத்துக்குச் சற்று முன், 2 மணிக்கு, பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு தொடர் வரும். முந்தின நாள் இரவு 7 மணிக்கு வந்ததன் மறு ஒலிபரப்பு. இரவு ஒலிபரப்பு நமக்கு 11.30 அல்லது 12.30, ஆகவே நம்மவர்களுக்கு இந்த மறு ஒலிபரப்புதான் சரி.

தி ஆர்ச்சர்ஸ் உலகிலேயே மிக நீண்ட காலமாக ஓடும் நாடகத் தொடர். 1950-இல் சோதனையாக ஒரு வாரம், பிறகு 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க. போருக்குப் பின் உணவுப் பற்றாக்குறை, ரேஷன் இன்னும் முடியவில்லை, விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்ல வேண்டும். பாடம் நடத்தினால் யார் கேட்பார்கள்? ஆம்பிரிட்ஜ் என்று ஒரு கற்பனைக் கிராமத்தை உண்டாக்கி, ஆர்ச்சர் குடும்பத்தை அங்கே குடிவைத்து, வேளாண் அமைச்சகத்தின் ஆலோசனைகளை மாடு, பயிர், சண்டை, கல்யாணத்துக்கு நடுவில் நுழைத்தார்கள். பாடம் பின்னர் போய்விட்டது, குடும்பம் மட்டும் நின்றுவிட்டது.

அதன் பலம் தெரிய ஒரு நாள் போதும். 1955 செப்டம்பர் 22, பிரிட்டனில் விளம்பரத்தோடு வந்த முதல் தனியார் டிவியான ஐடிவி தொடங்கிய இரவு. அதே இரவில் தொடரில் கிரேஸ் ஆர்ச்சர் என்ற இளம் மனைவி எரிகிற தொழுவத்தில் குதிரையைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டாள். மறுநாள் பேச்செல்லாம் அவளைப் பற்றித்தான், புது டிவியைப் பற்றி இல்லை. சமீப காலத்தில் ஹெலன் என்ற பாத்திரத்தைக் கணவன் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி ஒடுக்குவதை மாதக்கணக்கில் மெதுவாகக் காட்டி, 2016-இல் அது வெடித்தபோது கேட்டவர்கள் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அமைப்புக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். இந்திய வம்சாவளி வக்கீலான உஷா என்ற பாத்திரமும் பல வருடமாகக் கிராமத்தில் இருக்கிறார், ஊர்ப் பாதிரியாரையே மணந்தவர்.

சத்தங்களுக்குப் பின்னால் நடப்பது வேடிக்கை. பர்மிங்காம் ஸ்டுடியோவில் தோட்டத்துக் கதவு திறக்கிற சத்தத்துக்குப் பழைய இஸ்திரி மேசையை மடக்கி விரிப்பார்கள். ஆட்டுக்குட்டி பிறக்கிற சத்தத்துக்கு ஈரத் துண்டும் தயிரும்.

நடுவில் நுழைகிறவர்களுக்கு என் யோசனை: குடும்ப மரத்தை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். இரண்டு வாரம் பொறுங்கள், நான்கைந்து குரல்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இந்தத் தொடரைக் கேட்கவே பிடிக்காமல் அதன் இசை தொடங்கியதும் அணைக்கிறவர்கள் பிரிட்டனிலேயே ஏராளம்.

படி 7: மாலைச் சிரிப்பும் கலையும்

6 மணிக்குப் பீப் வராது, லண்டன் பிக் பென் மணி நேரடியாக ஒலிக்கும். செய்திக்குப் பிறகு 6.30-க்கு நகைச்சுவை. ஜஸ்ட் எ மினிட் என்ற விளையாட்டு 1967-இலிருந்து வருகிறது: கொடுத்த தலைப்பில் தயங்காமல், சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லாமல், தலைப்பை விட்டு விலகாமல் அறுபது நொடி பேச வேண்டும். வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் தமிழில் விளையாடிப் பாருங்கள், இருபது நொடி தாண்டுவது கஷ்டம்.

7.15-க்கு ஃப்ரன்ட் ரோ. 1998-இல் தொடங்கிய தினசரிக் கலை நிகழ்ச்சி. புது நாடகம், படம், கண்காட்சி, நாவல் எல்லாம் வரும். நமக்குப் பாதி ராத்திரி ஆகிவிடும் என்பதால் அடுத்த நாள் பதிவில் கேளுங்கள். அதில் வருகிற பாதி விஷயங்கள் லண்டன் அரங்குகளில் நடப்பவை, நாம் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் நான் அதைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம், பிடிக்கவில்லை என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான். இயக்குநரைத் திட்டாமல், "எனக்குப் போர் அடித்தது" என்பதோடு நிறுத்தாமல், இந்தக் காட்சியில் இந்த இடத்தில் ஏன் சறுக்கியது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிப்பார்கள். விமர்சனம் எழுத ஆசைப்படுகிறவர்கள் இதைப் பத்து நாள் கேட்கலாம்.

10.45-க்கு புக் அட் பெட்டைம், 1949-இலிருந்து வருவது, ஒரு நாவலைச் சுருக்கிப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக ஒரு நடிகர் வாசிப்பார். நமக்கு அதிகாலை. சீக்கிரம் எழுகிறவர்களுக்கு மட்டும்.

படி 8: கடல் வானிலை அறிக்கையைப் படித்துக்கொள்ளுதல்

லண்டனில் நள்ளிரவு தாண்டி 12.48 வாக்கில் ஷிப்பிங் ஃபோர்காஸ்ட். நமக்குக் காலை 5.18 அல்லது 6.18, நடைப்பயிற்சி போகிற நேரம். முன்னால் செய்லிங் பை என்ற மெல்லிய இசை வரும், கப்பலில் இருப்பவர்கள் அலைவரிசையைப் பிடித்து வைக்க அது உதவியது. பிறகு பிரிட்டனைச் சுற்றியுள்ள 31 கடற்பகுதிகளின் பெயர்கள் வைக்கிங்கில் தொடங்கி வலம்வந்து தென்கிழக்கு ஐஸ்லாந்தில் முடியும்.

கேட்க மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கறாரான அர்த்தம் உண்டு. வரிசை எப்போதும் ஒன்றுதான்: புயல் எச்சரிக்கை, பொது நிலை, பிறகு பகுதிவாரியாகக் காற்றின் திசையும் வேகமும், மழை, பார்வைத் தூரம். காற்று வேகம் போஃபோர்ட் அளவில் வரும், 8 என்றால் சூறைக்காற்று. அது "இம்மினன்ட்" என்றால் ஆறு மணி நேரத்துக்குள், "சூன்" என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு, "லேட்டர்" என்றால் பன்னிரண்டைத் தாண்டி. "வியரிங்" என்றால் காற்று வலப்பக்கமாகத் திரும்புகிறது, "பேக்கிங்" என்றால் இடப்பக்கம். கடைசியில் "குட்" என்று வருவது வானிலை நன்று என்பதில்லை, ஐந்து கடல்மைலுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் என்பது. பகுதிகளில் ஃபிட்ஸ்ராய் என்று ஒன்று வரும், 2002 வரை அதன் பெயர் ஃபினிஸ்டெர். பிரிட்டிஷ் வானிலைத் துறையை நிறுவிய ராபர்ட் ஃபிட்ஸ்ராயின் பெயரை வைத்தார்கள்.

இது முடிந்ததும் தேசிய கீதம், அதன்பின் ஒரு மணிக்கு அதே அலைவரிசை பிபிசி வேர்ல்ட் சர்வீஸுக்கு மாறிவிடும்.

வார நாள் தோதுப்படாதவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமையை எடுங்கள். காலையில் டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ், 1942 ஜனவரி 29-இலிருந்து வருவது: ஆளில்லாத தீவில் விடப்பட்டால் எடுத்துப்போக எட்டு இசைத்தட்டுகள், ஒரு புத்தகம், ஒரு ஆடம்பரப் பொருள். பைபிளும் ஷேக்ஸ்பியரும் இலவசம். பாட்டுகளின் துணுக்கைத்தான் போடுவார்கள், நிகழ்ச்சி உண்மையில் ஒரு வாழ்க்கைப் பேட்டி. அதே காலையில் அந்த வாரத்து ஆர்ச்சர்ஸ் முழுவதும் ஒரே தொகுப்பாக வரும், மதியம் நீள நாடகம். விவாதத்துக்கு வியாழன் வந்த இன் அவர் டைமைப் பதிவில் சேர்த்துக்கொண்டால் மூன்றும் ஆயிற்று. இரவு சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.